மலைக்கிராமத்தில் ஒரு ரஃபீக் ரூம்

போன சனிக்கிழமை ரஃபீக் பாய் போன் பண்ணி, இங்கே அமெரிக்காவில் கேட்டி என்ற ஊரில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். பிரியாணி என்று நம்பிப் போனேன். இல்லை... ஒரு லெட்டர் எழுதித் தர வேண்டுமாம்!

"நீங்கதான் பத்திரிகையில எழுதுறவராச்சே சார். நல்ல இங்கிலீஷ்ல ஒண்ணு போட்டுக் குடுங்க" என்று, இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு கவரை நீட்டினார்.

பாயின் அண்ணன் அங்கே டாக்டராக இருந்தவர். பாயின் சொந்த ஊரான கீழக்கரையில் அண்ணனைக் காக்கா என்பார்கள். குடும்பத்துக்கே அவர் 'லண்டன் காக்கா'. ஆனால் அவர் இருந்தது லண்டனிலா? அங்கிருந்து ஆறு மணி நேரம் வடக்கே, ஆடுகளும் பனியும் மட்டுமே உள்ள ஒரு மலைக்கிராமத்தில். தனிக்கட்டை. போன குளிர்காலத்தில் இறந்துபோனார். விசா, லீவு என்று பாய் அலைந்து முடிப்பதற்குள் அடக்கமே முடிந்துவிட்டது.

கவரில் இருந்தது அந்த ஊரின் சரித்திரம், அச்சுக்குப் போகுமுன் சரிபார்க்க அனுப்பிய பிரதி. ஊர்க்காரர்களே சேர்ந்து புத்தகம் போடுகிறார்களாம். சுரங்கம் மூடியது, ஸ்கூல் மூடியது, எந்த வீட்டில் யார் இருந்தார்கள்... எல்லாம் இருந்தது. டாக்டருக்கு மட்டும் ஒரு முழுப் பக்கம். ரோடு அடைபட்ட பனியில் நடந்தே போய்ப் பிரசவம் பார்த்தாராம். ஜன்னலோரத் தொட்டியில் கறிவேப்பிலை வைப்பாராம். ஒவ்வொரு குளிர்காலமும் அது பட்டுப்போகும், மறுபடி வைப்பாராம்.

இங்கே நம் சப்டிவிஷன் குடியிருப்பில் பக்கத்து வீட்டுக்காரர் பெயராவது நமக்குத் தெரியுமா?

கடைசிப் பாராவில் டாக்டர் வீட்டு மாடி அறை. ஊரே அதை 'ரஃபீக் ரூம்' என்றுதான் சொல்லுமாம். தம்பிக்காக எப்போதும் படுக்கை விரித்தே கிடக்குமாம். ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி: 'ரஃபீக் வந்து தங்கிய வருடங்கள் எவை? மன்னிக்கவும், எங்கள் யாருக்கும் ஞாபகமில்லை.'

பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஊருக்குப் போறப்பல்லாம் லண்டன்ல டிரான்ஸிட் சார். ஏர்போர்ட்லேந்து போன் பண்ணுவேன். 'இந்தத் தடவை முடியல காக்கா, நெக்ஸ்ட் டைம் கண்டிப்பா'ன்னு. 'சரிப்பா, வரும்போது ஸ்வெட்டர் எடுத்துட்டு வா'ம்பாரு. அவ்ளோதான்."

எத்தனை தடவை என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கென்ன யோக்கியதை? என் சொந்த அக்கா நியூஜெர்ஸியில் இருக்கிறாள். நாலு மணி நேர ஃப்ளைட். நான் போய் மூன்று வருடமாகிறது.

கிச்சனிலிருந்து பாயின் மனைவி எட்டிப் பார்த்தார். "ரெண்டு தடவை வந்தாருன்னு போடுங்கண்ணே. யாரு செக் பண்ணப் போறா? காக்காவுக்கும் மரியாதையா இருக்கும்."

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. பேனாவைக்கூட எடுத்துவிட்டேன்.

"வேணாம்" என்றார் பாய். "பாவம்... அவங்க தங்களுக்குத்தான் மறந்துபோச்சுன்னு நெனச்சுட்டிருக்காங்க."

நல்ல இங்கிலீஷுக்கு வேலையே இருக்கவில்லை. பென்சில் கேள்விக்குக் கீழே எழுதினேன்: 'ரஃபீக் வரவே இல்லை.' பாய் கையெழுத்துப் போட்டார்.

இத்தனை வருடமாகப் பத்தி எழுதுகிறேன்... இவ்வளவு சின்னதாக எதையும் எழுதியதில்லை.