நான் படிக்காமல் ஓரங்கட்டிய நோட்டு

காலை பத்தே கால். அரியலூர் பழைய பேப்பர் கடைத் தராசில் முன்னட்டை இல்லாத ஒரு நோட்டைப் பார்த்தேன். நிருபர் புத்தி, எடுத்துப் புரட்டினேன்.

'வாய்க்கால் தண்ணீரை நாங்களே பங்கிட்டுக்கொள்கிறோம். எங்களை ஆள எதற்கு ஓர் அரசு?' என்று எழுதியிருந்தது. அடியில் 'திருமானூர்ப் பண்ணையாள்' என்ற ஒப்பமும் வெள்ளைக்காரன் காலத்துத் தேதியும் இருந்தன. இந்த வட்டாரத்தில் இப்படியொரு அரசின்மைவாதி இருந்ததை யாரும் எழுதியதில்லை. பெரிய செய்தி என்று மனம் துள்ளியது.

"எங்கேருந்து வந்துச்சுண்ணே?"

"உங்க ஆபீஸ் மூட்டைதான் சார். போன வாரம் நீங்கதான ஏத்திவிட்டீங்க? முன்பக்கத்தையெல்லாம் வடைக்கடைக்குக் கிழிச்சுக் குடுத்துட்டேன்."

பின்னட்டையில், வேண்டாத கட்டுரைகளில் நாங்கள் எழுதும் 'பயன்படாது' சிவப்பு மையில் இருந்தது. என் கையெழுத்து.

ஆறு மாதம் முன்பு அந்தப் பண்ணையாளின் பேத்தி கொண்டுவந்து தந்த நோட்டு அது. "வேற பிரதி இல்லீங்க சார், படிச்சுட்டுப் பத்திரமா குடுத்துடுங்க" என்றார். கூலிக்காரர் என்ன எழுதியிருக்கப்போகிறார் என்று நான் திறக்கவே இல்லை.

மாலையில் திருமானூர் போனேன். நோட்டை இரு கையாலும் வாங்கிக்கொண்டு பேத்தி கேட்டார், "முழுசும் படிச்சீங்களா சார்?"

நோட்டு இப்போது நாற்பத்தொன்றாம் பக்கத்தில் தொடங்குகிறது.