வண்டி திரும்பாத சந்து

ஆயுள் முழுக்கப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர், மாலைதோறும் மனைவியோடு ஊர்சுற்றக் கிளம்பினார். கால்களோ பழைய தடத்தைவிட்டு விலகவில்லை; நிறுத்தம் வந்தால் தாமாகவே நின்றன. பூத்தொட்டிச் சந்து வழியாகப் போய் ஆற்றில் சூரியன் மறைவதைப் பார்க்க மனைவிக்குக் கொள்ளை ஆசை. தினமும் சந்து முனையோடு சரி.

“உள்ள போனா திரும்ப முடியாதும்மா.”

“நீங்க என்ன பஸ்ஸா? நான் போறேன். நீங்க நின்னு ஆள் ஏத்திக்கிட்டு வாங்க!”

அவள் தலை மறைந்ததும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பின்னாலேயே நுழைந்தவர், வளைவில் சுவர் உரசாமலிருக்க அகலமாக ஒடித்துத் திரும்பினார்.

எதிரே ஆறு தகதகத்தது. அவர் திரும்பிய அழகைப் பார்த்து நின்ற மனைவிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“ஓரமா நிறுத்துங்க. கடைசி ஸ்டாப்பு வந்தாச்சு, இறங்கிப் பாருங்க.”