சேகர் அண்ணன் சொல்லாமல் போன இருபது நிமிடம்

"உங்க சாட்சி போயிட்டாராமே" என்று வக்கீல் போனில் சொன்னார். சேகர் அண்ணன் இறந்த செய்தி எனக்கு வந்தது இப்படித்தான், அதுவும் அடக்கம் முடிந்த மறுநாள். கம்பெனி வாட்ஸப் குழுவிலிருந்து என்னை எப்போதோ எடுத்துவிட்டார்கள். நெஞ்சுவலியாம், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். என் வழக்கின் அடுத்த வாய்தாவில் அவரைத்தான் குறுக்கு விசாரணை செய்வதாக இருந்தது. எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். இத்தனை மாதம் இருந்த மனுஷன் இன்னும் பத்து நாள் இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு அன்று முழுக்க வெட்கப்பட்டேன்.

விருத்தாசலத்தில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு நான் அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஃப்யூஸ் கட்டைக்கான பீங்கான் செய்யும் எங்கள் யூனிட்டில் கம்ப்யூட்டர், கேமரா எல்லாம் தனசேகரன் என்கிற சேகர் அண்ணன் பொறுப்பு. நான் செராமிக் டிப்ளமோ முடித்துவிட்டு சூளையில் பர்னர் பார்த்தவன். சூளைக் கணக்கைப் பதியும் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டை மறந்துபோகாமல் இருக்கச் சுவரில் பென்சிலால் எழுதி வைத்திருந்தேன். அதைப் பார்த்ததும் அவர் ஈரத்துணி கொண்டுவந்து துடைத்தார். "ஏன் தம்பி, வூட்டுச் சாவிய வாசக்கதவுலயே ஆணி அடிச்சு மாட்டுவியா?" என்று கேட்டார். அவர் பாஸ்வேர்டு அடிக்கும்போது அண்ணியையே திரும்பி நிற்கச் சொல்வார் என்று நாம் கேலி செய்வோம். அவரும் சிரிப்பார், ஆனால் கீபோர்டை மறைத்த கையை எடுக்க மாட்டார்.

அவ்வளவு கவனமான ஆள் கோட்டை விட்டது கடிகாரத்தில். நாம் எல்லோருமே அதில்தான் கோட்டை விட்டோம். பஸ்ஸைக் காரணம் சொல்லி ஷிஃப்டுக்குத் தாமதமாக வருகிறார்கள், சூளையை ஆளில்லாமல் விட முடியாது என்று மேனேஜர் சுவர்க் கடிகாரத்தை இருபது நிமிடம் முன்னே தள்ளி வைத்தார். நாம் அதற்குக் 'கம்பெனி டைம்' என்று பேர் வைத்தோம். பிறகு கேமரா மாட்டியபோது, உள்ளே ரெண்டு நேரம் இருந்தால் குழப்பம் என்று அதற்கும் கம்பெனி டைமையே வைக்கச் சொன்னார்கள். சேகர் அண்ணன் வைத்தார். நாளடைவில் அது தப்பான நேரம் என்பதே நமக்கு மறந்துபோனது.

சூளையின் சூட்டை அளக்கும் பிளாட்டினக் கம்பிகள் திருட்டுப் போன நாள் உங்களுக்கு நினைவிருக்கும். ஸ்டோர்காரர் ஆறு மணிக்கு அலமாரியைச் சரிபார்த்து மேனேஜருக்குப் போனில் சொல்லியிருக்கிறார். ஆறரைக்குத் திரும்ப வந்தபோது கம்பிகள் இல்லை. போனில் ஓடுவது ஊர் நேரம். போலீஸ் ஆறிலிருந்து ஆறரை வரைக்குமான கேமராப் பதிவைக் கேட்டு வாங்கியது. அதில் ஸ்டோர்காரரைத் தவிர, ஆறு பத்துக்கு ஸ்டோருக்குள் போனது நான் ஒருவன்தான். ஷிஃப்ட் முடிந்து கையுறையைத் திருப்பி வைக்கப் போனேன். ஊர் நேரப்படி அப்போது ஐந்து ஐம்பது. கம்பிகள் அலமாரியில் பத்திரமாக இருந்த நேரம். நிஜமான ஆறு பத்துக்கு நான் ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். டிக்கெட்டை இறங்கும்போதே கசக்கிப் போட்டுவிட்டேன்.

ஸ்டேஷனில் கம்பெனி டைமைப் பற்றிச் சொன்னேன். "கம்பெனிக்குன்னு தனி டைமா? லண்டன் டைமாடா அது?" என்று அங்கிருந்தவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சுவர்க் கடிகாரம் மிகச் சரியாக ஓடிக்கொண்டிருந்ததாம். பதினெட்டு நாள் உள்ளே இருந்தேன். ஒரே அறையில் ஒன்பது பேர், ஒருவர் திரும்பிப் படுத்தால் எல்லோரும் திரும்ப வேண்டும். வெளியே ஓடும் நேரத்தை மனசுக்குள் கணக்குப் போட்டுப் போட்டுப் பார்ப்பேன். ஐந்து ஐம்பதா, ஆறு பத்தா என்று கடைசியில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஜாமீனில் வந்தேன். சாட்சிகளைப் பார்க்கவோ பேசவோ கூடாது என்பது நிபந்தனை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சேகர் அண்ணன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். போலீஸ் தரப்புச் சாட்சிப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. நான் உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டேன். அப்படிச் சாத்தியது இன்னும் என் கையில் உறுத்துகிறது. என் மனைவி வெளியே நின்றாள்.

"தங்கச்சி, நான் உங்கிட்டதான் பேசறேன். அவன்கிட்ட இல்ல" என்று அவர் சொல்வது கதவுக்கு இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது. "கேமரா ஒழுங்கா ஓடுச்சுன்னு ஒரு காயிதத்துல கையெழுத்து கேட்டாங்க. ஓடுச்சு, போட்டேன். மணி சரியான்னு யாரும் கேக்கல, எனக்கும் தோணல. மறுநா வெசயம் தெரிஞ்சு மேனேஜர்கிட்ட ஓடினேன். கையெழுத்து போட்டவன் நீ, பொய்ச் சான்று குடுத்தேன்னு நீதான் உள்ள போவேன்னாரு. கடிகாரத்த திருப்பி வச்சாங்க. கேமராவ திருப்பி வச்சது நானு."

"இத ஏன் அண்ணே அன்னைக்கே போயி சொல்லல?" என்று என் மனைவி கேட்டாள்.

"பயந்தேன். ரெண்டு பொண்ணு இருக்குது. பதினஞ்சு நாள்ல, போலீஸ் வாங்காத மிச்சப் படமும் தானா அழிஞ்சு போச்சு. திருடன் அதுலதான் இருந்திருப்பான்." பிறகு, "பூட்டு, பாஸ்வேர்டுன்னு ஊருக்கே சொன்னேன். உள்ள வச்சிருக்கறது நெசமான்னு நான் பாக்கல தங்கச்சி. கோர்ட்டுல கூண்டுல ஏறுற அன்னைக்கு சொல்லிடறேன். வேல போனா போவட்டும். நான் உள்ள போனாலும் போறேன். அவன்கிட்ட சொல்லு" என்றார்.

நான் கதவில் நெற்றியை வைத்து நின்றுகொண்டிருந்தேன். "டீ குடிச்சிட்டுப் போங்கண்ணே" என்று அவள் சொன்னதும் "இன்னொரு நா வரேன்" என்று போய்விட்டார். ஜன்னல் வழியாக முதுகைத்தான் பார்த்தேன். அவரை நான் கடைசியாகப் பார்த்தது அதுதான்.

அவர் இல்லாததால் இனி அந்தச் சான்றிதழ்தான் பேசும் என்கிறார் வக்கீல். அதில் அவர் கையெழுத்து அழகாக, அடிக்கோட்டோடு இருக்கிறது. இந்த வழக்கிலிருந்து நான் வெளியே வர வேண்டுமென்றால் செத்துப்போன மனுஷனின் கையெழுத்து தப்பு என்று நீதிபதி முன்னால் வாதாட வேண்டும். வாதாடாவிட்டால் நான் திருடன். இரண்டில் எதைச் செய்தாலும் அண்ணி பின் வரிசையில் உட்கார்ந்து கேட்பார்களோ என்றுதான் தினமும் யோசிக்கிறேன். அதனால்தான் கோர்ட்டுக்கு முன்னால் உங்களிடம் சொல்கிறேன். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. தப்புச் செய்தார், பயந்தார், பிறகு அந்தப் பயத்தோடேயே உண்மையைச் சொல்லத் துணிந்தார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது கதவுக்கு வெளியே நின்று அவர் கொடுத்த அந்த வாக்கு ஒன்றுதான். அதை நான் சொன்னால் செல்லாது, வழக்கில் நான் குற்றம் சாட்டப்பட்டவன். என் மனைவி சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள். உங்களில் யாரும் இன்னும் சாட்சிப் பட்டியலில் இல்லை. படத்திறப்புக்குக் கம்பெனியிலிருந்து எல்லோரும் வருவீர்கள், நல்ல மனுஷன் என்று பேசுவீர்கள். அந்தக் கடிகாரத்தைப் பார்த்து வேலை செய்த ஒருவர், ஒரே ஒருவர், அது இருபது நிமிடம் வேகமாக ஓடியது என்று கோர்ட்டில் வந்து சொன்னால் போதும். உங்களுக்கு வேலை இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், பயம் இருக்கிறது. அவருக்கும் இருந்தது.