குடவாசல் மாடியில் இரண்டு ரேடியோ துடிப்புகள்

போன வியாழக்கிழமை தஞ்சாவூரிலிருந்து குடவாசல் போனேன். கோயிலுக்கு இல்லை. வெகுதொலைவு விண்மீன் மண்டலங்களிலிருந்து சில மில்லி நொடிகள் மட்டும் வந்து மறையும் ரேடியோ துடிப்பைப் பிடிக்க, அங்கே தோழி வீட்டு மாடியில் நான்கு ஆன்டெனா வைத்திருக்கிறேன். அவை தலைக்கு நேர் மேலே வரும் வானத்தை மட்டும் பார்ப்பவை. செவ்வாய் காலை 9:04க்கு ஒரு துடிப்பு, புதன் 9:00க்கு இன்னொன்று. விண்மீன்களும் தினம் நான்கு நிமிடம் முந்தித்தான் வரும். எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று வருட ஆராய்ச்சி அல்லவா! வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் மெயில் போடுவதாக வழிகாட்டி சொல்லிவிட்டார். அதற்குள் நேரில் பார்த்துவிட நினைத்தேன்.

5:40க்கு பஸ். கும்பகோணம் 40 கிலோமீட்டர், ஏழு மணிக்கு இறங்கி ஒரு காபி. அங்கிருந்து டவுன் பஸ், பெண்களுக்குக் கட்டணம் இல்லை. குடவாசலிலிருந்து ஆட்டோ நூறு ரூபாய், பேரம் பேசியும் குறையவில்லை. 8:30க்கு மாடியில் லேப்டாப்போடு உட்கார்ந்துவிட்டேன்.

துடிப்பு வர வேண்டிய 8:56 தாண்டியது. ஒன்றுமில்லை. தினமுமா வரும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். 9:07க்குப் பக்கத்து வயல் மோட்டார் கொட்டகையில் ‘டக்’கென்று ஒரு சத்தம். தண்ணீர் கொட்டியது. திரையில், முன் இரண்டு நாளும் துடிப்பு என்று பதிவான அதே கோடு.

நாற்றங்காலைப் பார்த்துக்கொண்டிருந்த வயல்காரர் நசீர் பாயிடம் ஓடினேன். “பாய், மோட்டாரை யாரு போட்டது?”

“யாரும் போடலம்மா. ஆட்டோல விட்டுருக்கேன். த்ரீ பேஸ் கரண்ட் வந்தா தானா ஓடும். கரண்ட் ஆபீஸ்காரன் எப்ப விடுவான்னு யாருக்குத் தெரியும்?”

“நேத்து எப்ப வந்துச்சு?”

“அதிசயமா ஒம்பதுக்கே வந்துடுச்சு. செவ்வாக்கிழமதான் கொஞ்சம் லேட்டு.”

ஒருமுறை நிறுத்திப் போடச் சொன்னேன். “நாத்து காயுதும்மா” என்றார், ஆனாலும் போட்டார். திரையைப் பார்த்துக்கொண்டிருந்த தோழி மாடியிலிருந்து கத்தினாள்: “வந்துடுச்சுடி!”

“இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? ஒரு போன் போட்டிருந்தா சொல்லியிருப்பேனே” என்றார் பாய்.

உண்மையான துடிப்பில் உயர் அலைவரிசை முதலிலும் தாழ்ந்தது பிறகும் வந்து, கோடு சாய்ந்திருக்கும். இதிலும் சாய்வு இருப்பதாக முந்தின நாள் சத்தியமே செய்திருப்பேன். நேரில் பார்த்தபோது செங்குத்தாக நின்றது. ஆசை, வேறென்ன?

டெல்டாவில் ஆன்டெனா வைக்கப் போகிறவர்கள் முதலில் அந்த ஊரில் த்ரீ பேஸ் வரும் நேரத்தை விசாரியுங்கள். எந்தெந்த மோட்டார் ஆட்டோவில் இருக்கிறது என்று வயல் வயலாக நடந்து கேளுங்கள். தொப்பி அவசியம்.

திரும்பும் பஸ்ஸிலேயே வழிகாட்டிக்குப் போன் செய்து மெயிலை நிறுத்தினேன். பிறகு லேப்டாப்பைத் திறந்து இரண்டு பதிவுகளையும் ‘மோட்டார்’ என்று புதிதாக ஒரு ஃபோல்டர் போட்டு மாற்றினேன். ‘வானம்’ என்ற ஃபோல்டரில் இப்போது ஒன்றும் இல்லை.