புத்தக அறைக்கு மேல் இருக்கைகள்

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனால் இன்றைக்கும் காலில் ஒரு காகிதத் துண்டு பட்டுவிட்டால், அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் அப்பால் போகமாட்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்து கிங்ஸ்பரியில் குடியேறிய பிறகு, பக்கத்துக் கல்லூரியில் துப்புரவு வேலை. என் கை பட்ட தரையில் யாரும் குறை கண்டதில்லை. அதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

கல்லூரிக்கு ஓர் உதைபந்தாட்ட மைதானம் இருந்தது. ஒரு பக்கம் முழுக்கப் படிப்படியாக இருக்கைகள்; அவற்றுக்கு அடியில் உட்கார முடியாதபடி உடைந்த கதிரைகளும் புறாக்களும்தான். அதைத் திருத்தி, மேலே புது இருக்கைகள், அடியில் வகுப்பறைகள் என்று ஒரே கட்டடமாகக் கட்டப்போவதாகச் சொன்னார்கள். இடம் போதாமல் பிள்ளைகள் தகரக் கொட்டகைகளில் படித்துக்கொண்டிருந்த காலம் அது. நல்ல காரியம் என்றுதான் நினைத்தேன்.

வரைபடம் போட்ட வெள்ளைக்காரப் பெண் ஒருநாள் எங்களிடமும் வந்தாள். துடைக்கிறவர்களைக் கேட்காமல் கட்டினால் பிறகு கஷ்டம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மட்டையில் செய்த சின்ன மாதிரியை மேசையில் வைத்து, இருக்கைகளை மூடி போலத் தூக்கிக் காட்டினாள். அடியில் சின்னச் சின்ன அறைகள். நடு அறையில் விரல் நகம் அளவு அலுமாரிகள்.

அது என்ன என்று எங்கள் சுப்பவைசரைக் கேட்டேன். அவரும் யாழ்ப்பாணத்தவர், என்னைவிட இருபது வயது இளையவர்.

"லைப்ரரி அக்கா."

"புத்தகத்துக்கு மேல சனம் சப்பாத்துக் காலோட ஏறி நிண்டு குதிக்கிறதோ? வேண்டாமெண்டு சொல்லும் தம்பி."

அவர் சிரித்தார். "உங்கட வீட்டுக்கு மேல ஆக்கள் இருக்கினம்தானே? அவை உங்கட சாமித்தட்டுக்கு மேலதானே நடக்கினம்?"

"அவை கோல் விழுந்ததெண்டு குதிக்கிறேல்லை. நீர் சொல்லும்."

சொன்னார். இங்கிலீஷில் நீளமாகத்தான் சொன்னார். அந்தப் பெண் தலையாட்டி எழுதிக்கொண்டாள். ஆனால் தண்ணீர், தண்ணீர் என்பதுதான் என் காதில் விழுந்தது. காலைப் பற்றிய பேச்சே இல்லை. மேலே கழுவும் தண்ணீர் ஒழுகிப் புத்தகங்கள் நனையும் என்று மாற்றிச் சொல்லியிருக்கிறார்.

"நான் சொன்னதை நீர் சொல்லேல்லை."

"இப்பிடிச் சொன்னாத்தான் கேப்பினம் அக்கா. காலெண்டு சொன்னாச் சிரிப்பினம்."

"சிரிக்கட்டும்."

நான் எழுந்து நின்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், தண்ணீர் இல்லை, கால் என்றேன். என் காலைக் காட்டினேன். பிறகு மேசையிலிருந்த அவளுடைய குறிப்புப் புத்தகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். இது எங்களுக்குச் சாமி என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அவள் முன்பு எழுதியதை வெட்டாமல், அதற்குக் கீழே இதையும் எழுதினாள்.

அந்த அறையை மாற்றாவிட்டால் வேலையை விட்டுவிடுவேன் என்று அன்றைக்கே எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

சில மாதங்கள் கழித்து அவளே என்னைத் தேடி வந்தாள். ஒழுகாதபடி கூரைக்கு இரட்டைப் பூச்சுப் போட வைத்திருக்கிறாள். அறையை மாற்ற முடியவில்லை. அவ்வளவு அகலம் வேறு இடத்தில் இல்லையாம். என் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்டாள். தண்ணீருக்கு வழி செய்திருந்தார்கள். காலுக்கு ஒன்றும் செய்யவில்லை.

கட்டடம் திறந்து முதல் ஆட்டம் முடிந்த மறுநாள் காலை, மகள் எழுதித் தந்த விலகல் கடிதம் என் கோட்டுப் பையில் இருந்தது. கொடுக்கும் முன் ஒருமுறை மேலே ஏறிப் பார்த்தேன். லைப்ரரிக்கு நேர் மேலே உள்ள வரிசைகளில் சேறு, நசுங்கிய கோப்பைகள், சிந்திக் காய்ந்த தேநீர். இதை இப்படியே விட்டுப் போனால் யார், எந்த மனத்தோடு துடைப்பார்கள்? சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தேன். வாளியை எடுத்தேன்.

சுப்பவைசர் கீழே நின்று கத்தினார். "அக்கா, சப்பாத்தைப் போடுங்கோ! நீங்கள் வழுக்கி விழுந்தா என்ர வேலையும் போயிடும்."

"விழமாட்டன். நீர் போம்."

அவர் போகவில்லை. நான் கடைசிப் படியைத் துடைத்து முடிக்கும்வரை அங்கேயே நின்றார். கடிதத்தைக் கொடுக்காமலே வீட்டுக்கு வந்தேன். எல்லாருக்கும் கேட்கச் சொன்ன சொல்லை நான் மீறியது அந்த ஒரு தடவைதான். அந்த வரிசைகளை இன்றும் வேறு ஒருவருக்கும் விடுவதில்லை.