அம்மா தானே வாங்கிய கோடி

பழிவாங்குதல் என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. அது சீரியல் மாமியாருக்கும் மேடையில் கத்தும் அரசியல்வாதிக்கும் உரிய சொல். எங்களுக்கு ‘மனசுல வச்சிருக்கா’ என்றால் போதும், எங்கள் ஊர் கோவில்பத்து முழுக்க விளங்கிவிடும். என் அம்மா வைத்திருந்தாள். கூடப்பிறந்த தம்பியின் மேல், என் கல்யாணத்திலிருந்து சாகும்வரை வைத்திருந்தாள்.

எல்லாம் ஒரு பத்திரிகையில் ஆரம்பித்தது. கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தால், சாமிக்கு வைத்த கையோடு தாய்மாமன் வீட்டுக்குத்தான் போகவேண்டும். தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, புருஷன் பெண்சாதி இருவருமாக நின்று அழைக்கவேண்டும். என் அப்பாவுக்கு அவசரம். போதாததற்குப் புதுப் போன் வேறு. அச்சகத்தில் நின்றபடியே பத்திரிகையைப் படம் பிடித்து உறவுக்காரர்கள் எல்லோருக்கும் தட்டிவிட்டார். அப்பாவும் அம்மாவும் தட்டோடு மாமாவின் ஊரான சுரக்குடியில் போய் இறங்கியபோது, மாமா அதை யாரோ ஒருவர் போனில் பார்த்து முடித்திருந்தார்.

“ஊரு பூரா பாத்தப்புறம் எனக்கு எதுக்கு அத்தான் தட்டு? போன்லயே கூப்பிட்டீங்க, போன்லயே ஆசீர்வாதம் பண்ணிடுறேன்” என்றாராம்.

சொன்னபடியே கல்யாணத்துக்கு வரவில்லை. தாய்மாமன் சீர் இல்லாமல் நான் மணையில் உட்கார்ந்தேன். மண்டபத்துக்கு வந்தவர்களெல்லாம் “எங்க உன் தம்பிய காணும்?” என்று கேட்கக் கேட்க, அம்மா சிரித்துக்கொண்டே “வந்துக்கிட்டே இருக்கான்” என்றாள். பகல் முழுக்க அதே சிரிப்பு. இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி அவளை அப்படிச் சபையில் நிறுத்திவிட்டார்.

அடுத்த பொங்கலுக்குள்ளேயே மாமாவின் கோபம் இறங்கிவிட்டது. ஆள் விட்டார், அத்தையை அனுப்பினார், புது அரிசி கொடுத்தனுப்பினார். அம்மா அரிசியை வந்த வண்டியிலேயே திருப்பி ஏற்றினாள்.

பிறகொரு நாள் என்னைக் காரைக்காலில் ஜவுளிக்கடைக்குக் கூட்டிப்போனாள். அரக்கு நிறத்தில் ஒரு நூல் சேலையை எடுத்தாள். “யாருக்கும்மா?” என்று கேட்டாள் கடைப்பெண்.

“எனக்குத்தான். கடைசியா கட்டிக்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெண் ஒருத்தி செத்தால் பிறந்த வீட்டுக் கோடி அவள் மேல் விழவேண்டும். கூடப்பிறந்தவன் புதுச்சேலை கொண்டுவந்து போர்த்திய பிறகுதான் பாடையைத் தூக்குவார்கள். அந்தச் சேலையை அம்மா தானே வாங்கிவிட்டாள்.

“எம் பொண்ணுக்கு அவன் செய்யல. எனக்கும் செய்ய வேணாம். கோடியத் தூக்கிக்கிட்டு வந்து நிப்பான்ல, அன்னைக்குத் தெரியும் அவனுக்கு.”

“அடியாத்தி! அவரு அழுவுறதப் பாக்க அன்னைக்கு நீயா இருக்கப்போற?”

“நீ இருப்பல்ல, நீ பாரு” என்றாள். வீட்டுக்கு வந்ததும், மாமா கோடியை மேலே போட விடக்கூடாது என்று என் அண்ணனிடம் கையடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

கடைசியில் அவள் படுத்த படுக்கையானபோது நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. வாசலில் பைக் சத்தம் கேட்டால் போதும், “தம்பி வந்துட்டானா? சோத்தப் போடு, பசி தாங்கமாட்டான்” என்பாள். மாமாவை வரச்சொல்லும்படி அண்ணனிடம் கெஞ்சினேன்.

“நெனவு தப்பின பேச்சுடி அது. நல்லா இருந்தப்ப எங்கிட்ட சத்தியம் வாங்குனாங்களே, அதுதான் அம்மா” என்றான்.

எது அம்மா? யாரைக் கேட்பது? நானே போன் செய்துவிடுவது என்று துணிந்தேன். அன்று விடியும்போதே அம்மா போய்விட்டாள்.

சேதி போனதும் மாமா மஞ்சள்பையில் சேலையோடு வந்து இறங்கினார். அண்ணன் கேட்டில் மறித்தான். “உள்ள வாங்க மாமா, மாலை போடுங்க. கோடி மட்டும் வேணாம். அம்மா சொல்லிட்டாங்க.”

“கோடி போடாம எங்க அக்கா மொகத்த நான் எப்படிடா பாப்பேன்?”

அப்பா நாற்காலியில் இருந்தபடி, “போடட்டும் விடுடா, தப்பு எம்மேலதான்” என்றார். அண்ணன் அசையவில்லை. மாமா கேட் ஓரம் தரையில் உட்கார்ந்துவிட்டார். யாரோ கொடுத்த டீயைக்கூடத் தொடவில்லை.

அந்தக் காலத்தில் அநியாயம் நேர்ந்தவன், அதைச் செய்தவன் வாசலில் சோறு தண்ணியில்லாமல் விழுந்து கிடப்பானாம். பழிகிடத்தல் என்று அதற்குப் பெயர். இன்றைக்குப் போனும் கையுமாகக் கிடக்கிற பிள்ளையைத்தான் ‘பழியா கெடக்கான்’ என்று திட்டுகிறோம். பழி என்றாலே முதலில் ஊர் சொல்லும் குறைதான். அதைத் திருப்பிக் கொடுக்கிற வெறி பிறகுதான் அந்தச் சொல்லில் ஏறியிருக்கும் என்று எனக்குத் தோன்றும். இதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. மாமா கிடந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

அம்மாவை அவள் வாங்கிய சேலையிலேயே தூக்கிப்போனார்கள். பாடை தாண்டும்போது மாமா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். ஆண்களெல்லாம் சுடுகாட்டுக்குப் போனபிறகு நாங்கள் வீட்டைக் கழுவிவிட்டோம். தண்ணீர் ஓடி அவர் வேட்டியை நனைத்தது. அப்போதும் எழுந்திருக்கவில்லை. நான் கிட்டே போய் நின்றேன்.

“என்ன கலரு கட்டிக்கிட்டுப் போறா?”

“அரக்கு, மாமா.”

“கடைசில என்னையப் பத்தி ஏதாச்சும் கேட்டாளா?”

கேட்டாங்க மாமா, சோறு போடச் சொன்னாங்க என்று சொன்னால் அந்த மனிதர் அங்கேயே செத்துவிடுவார். இல்லாவிட்டால், கூப்பிடாமல் விட்ட அண்ணன் மேல் இனி மனசில் வைத்திருப்பார். அவர் பிள்ளைகள் அண்ணன் பிள்ளைகள் மேல் வைப்பார்கள். போதும்டா சாமி என்று இருந்தது.

“இல்ல மாமா. ஒண்ணும் கேக்கல.”

தலையை ஆட்டிக்கொண்டார். கண்ணைத் துடைத்தபோது அந்த முகத்தில் ஒரு பெருமைகூடத் தெரிந்தது. “எங்க அக்கா சொன்னா சொன்னதுதான்” என்று பையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். காலையிலிருந்து பட்டினி, நடை தள்ளாடியது. சாப்பிட்டுப் போங்க மாமா என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. சாவு வீடு, அன்று நாங்கள் அடுப்பு பற்றவைக்கவில்லை.