காற்று வெளியேறும் பக்கம்

அந்தப் பேசும் கணினி நின்றுபோனது எப்போதும் ஒரு சொல்லின் நடுவில்தான். ‘ஃபோட்டோ’ என்று சொல்லும், ‘சிந்தசிஸ்’ வராது. சில சமயம் கடைசி அசையைக் கீறல் விழுந்த இசைத்தட்டு போலத் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு அடங்கும். உள்ளே மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

என் நண்பருக்கு அப்போது பார்வை முழுவதுமாகப் போய் ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோய். நாங்கள் இருவரும் பெங்களூரில் ஓர் ஆங்கில நாளிதழில் வேலை பார்த்தவர்கள். அவர் பிழை திருத்துநர், நான் துணை ஆசிரியர், பக்கத்துப் பக்கத்து மேஜை. அவர் வேலையை விடுவதற்கு முந்தைய ஏழு மாதங்கள், அவர் திருத்தி அனுப்பிய பக்கங்களை அச்சுக்குப் போகுமுன் நான் இன்னொரு முறை படித்தேன். அவர் விட்ட பிழைகளை என் பேனாவால் திருத்தினேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் அவராகவே கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு ஆண்டுகள் ஆகியிருந்த அந்தக் கோடையில், பார்வையற்றோருக்கான ஒரு சங்கத்தின் உதவியால் அவர் வீட்டுக்கு ஒரு பழைய கணினி வந்தது. திரையில் இருப்பதை ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டும் மென்பொருள் அதில் இருந்தது. இரண்டே மாதத்தில் அதை இயக்கப் பழகிவிட்டார். பள்ளிப் பாடநூல் வெளியிடும் ஒரு நிறுவனத்தில் நான் பேசினேன். எட்டாம் வகுப்பு அறிவியல் நூலின் மூன்று பாடங்களை ஃபிளாப்பியில் கொடுத்தார்கள். காதால் கேட்டுப் பிழை திருத்த முடியுமா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். இரண்டு வாரம் அவகாசம். சரியாக இருந்தால் வீட்டிலிருந்தே தொடர்ந்து வேலை.

இல்லையென்றால் என்ன செய்வது என்பதை அவர் முன்பே முடிவு செய்திருந்தார். ஆம்பூர்ப் பக்கம், மனைவியின் அண்ணன் வீடு.

“மச்சான் நல்ல மனுஷன்யா. சோறு நல்லாப் போடுவாரு,” என்றார். “அதான் பயமா இருக்கு.”

ஜீவனஹள்ளியில் ஒரு வீட்டின் இரண்டாவது மாடியில் அவர்கள் குடியிருந்தார்கள். ஓர் அறை, ஒரு சமையலறை, மேலே சிமென்ட் ஷீட். காலை பத்து மணிக்குள் ஷீட்டின் சூடு உச்சந்தலையில் தெரியத் தொடங்கும். மனைவி ஒரு கார்மென்ட்ஸில் சூப்பர்வைசர். எட்டரைக்குப் போனால் மாலை ஆறுக்குத்தான் திரும்புவார்.

கணினி உறைந்து நின்றால் நமக்குத் தெரியும். சுட்டி நகராது, திரை அப்படியே இருக்கும். அவருக்குக் கிடைத்ததெல்லாம் பேச்சு நின்றுவிட்ட அமைதி. தவறான விசையை அழுத்திவிட்டோமா, ஒலிபெருக்கியின் வயர் கழன்றுவிட்டதா, இயந்திரமே நின்றுவிட்டதா என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்க வேண்டும். பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு மறுபடி போட அவருக்குத் தெரியும். ஆனால் சூடேறிய இயந்திரம் அடுத்த பத்து நிமிடத்தில் மீண்டும் நின்றது. அத்துடன் அன்றைய வேலை முடிந்தது. மனைவி வரும்வரை அவர் அந்த நாற்காலியிலேயே இருந்தார்.

“எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே,” என்றேன்.

“செத்துப்போச்சுன்னு சொல்றதுக்கு ஒரு போனா?”

ஒருநாள் விடுப்பு எடுத்து, குறிப்பேட்டுடன் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏழு மணிக்குப் போட்டது. பதினொன்று இருபதுக்கு நின்றது. பின்னர் பதினொன்று முப்பத்தைந்து, பதினொன்று நாற்பத்தாறு. நாற்பத்தாறுக்குப் பிறகு பெட்டியின் மேல் தகட்டில் கையை வைக்க முடியவில்லை. சங்கத்தின் தொழில்நுட்ப ஆள் தொலைபேசியில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “கேபினெட்டை, அந்த வெளிப் பெட்டிய, மாத்திடுங்க சார்,” என்றார். “அது பழசு. சூடு போறதுக்கு வழியே இல்ல. முன்னாடி ஒரு ஃபேன், பின்னாடி ஒரு ஃபேன் வைக்கிற மாதிரி வாங்குங்க.”

கணினிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்கு நான் மட்டும் போவதாக இருந்தேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார். சிவாஜிநகர் வந்து, அங்கிருந்து மார்க்கெட் பஸ் பிடித்தோம். படியேறிப் போன கடையில் கேபினெட்டுகள் கூரைவரை அடுக்கியிருந்தன. கடைக்காரர் அல்சூர்த் தமிழர். எங்கள் பேச்சைக் கேட்டதும் முகம் மலர்ந்து, இருப்பதிலேயே பெரிய பெட்டி ஒன்றை இறக்கினார்.

“இது பாருங்க சார். சைடு ஃபுல்லா கண்ணாடி. நாலு ஃபேன். உள்ள ப்ளூ லைட்டு. ராத்திரி ரூம் லைட்ட ஆஃப் பண்ணிட்டுப் பாத்தீங்கன்னா ஜம்முனு இருக்கும்.”

“எனக்கு லைட்டு ஆஃப் ஆயி ஒன்றரை வருஷம் ஆச்சுப்பா,” என்றார் நண்பர்.

கடைக்காரர் அப்போதுதான் மடக்குக் கோலைக் கவனித்தார். “ஐயோ, ஸாரி சார். தெரியல சார்.”

“ஸாரி எதுக்கு? லைட்ட நீயே வச்சுக்கோ. காத்த குடு.”

“பெங்களூருக்கு எதுக்கு சார் இவ்ளோ கூலிங்கு? ஊரே ஏசிதானே.”

“ஊரு ஏசிதான். எங்க தலைக்கு மேல ஷீட்டு.”

கடைக்காரர் ஏழெட்டு கேபினெட்டுகளை மேஜைமேல் வரிசையாக வைத்தார். நண்பர் விரல்களால் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எனக்குப் பிடித்த ஒன்றின் முகப்பில் அழகான வலைவேலைப்பாடு இருந்தது. அவர் அதன் அடியில் விரலை நுழைத்தார். “இது சும்மா ஜோடனை. பின்னாடி பிளாஸ்டிக் அடைச்சிருக்கு பாரு. காத்து எந்த வழியா வரும்?” நான் பார்த்தேன். உண்மைதான். தகட்டை மடக்கிய விரலால் தட்டினார். மெல்லிய தகடு அதிர்ந்து ரீங்காரமிட்டால் தள்ளி வைத்தார். மூலைகளில் விரலை ஓட்டி, கூர்மையாக வெட்டுப்பட்டிருந்த ஒன்றையும் தள்ளினார். நான் குறிப்பேட்டில் எழுதி வந்திருந்த விவரங்களின்படி, நான்கு விசிறி வைத்ததே சிறந்தது. அதைச் சொன்னேன்.

“போடச் சொல்லு,” என்றார்.

கடைக்காரர் நான்கு விசிறிகளையும் ஓடவிட்டார். நல்ல காற்று. நண்பர் நாற்காலியை இழுத்துப் போட்டு, வீட்டில் கணினிமுன் உட்காரும் தூரத்தில் உட்கார்ந்தார்.

“யோவ், அந்தப் பக்கம் நின்னு இங்கிலீஷ் எழுத்து ஒவ்வொன்னா சொல்லு. கலைச்சுச் சொல்லு. மெதுவா, அந்த மெஷின் சொல்ற மாதிரி.”

“இங்கயா?”

“இங்கதான்.”

சொன்னேன். எஃப், எஸ், எஸ், எம், எஃப், என். பக்கத்துக் கடை வாசலில் இருந்த ஒருவர், “என்ன சார், ஸ்கூல் அட்மிஷனா?” என்று கேட்டார். நண்பர் சிரிக்கவில்லை. நான் சொன்னதைத் திருப்பிச் சொன்னார். ஆறில் மூன்று தவறு. விசிறிகளின் சீறலில் எஃப் எது, எஸ் எது என்று பிரியவில்லை. அவர் செய்யவேண்டிய வேலையே எழுத்தைப் பிரித்துக் கேட்பதுதான். பேரிரைச்சலில் குளிர்ந்து ஓடும் இயந்திரத்தால் அவருக்குப் பயனில்லை என்பது என் குறிப்பேட்டில் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை.

கடைசியில் அவர் தேர்ந்தெடுத்தது கடைக்காரர் காட்டக்கூட விரும்பாத ஒன்று. சந்தன நிறம், கனத்த தகடு, முகப்பில் நிஜமான துளைகள். “அது ஓல்ட் மாடல் சார். கவர்மென்ட் ஆபீசுக்குப் போற மாலு,” என்றார் கடைக்காரர். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று வைக்க, உள்ளங்கை அகலத்தில் மெதுவாகச் சுற்றும் இரண்டு விசிறிகளைத் தனியாக வாங்கினோம். அவை ஓடும்போது மறுபடி எழுத்துகளைச் சொன்னேன். ஆறும் சரி.

“இதக் குடுப்பா,” என்றார். பிறகு, “இவ்ளோ எறக்க வச்சுட்டேன், கோச்சுக்காத,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்து ஆள் வந்து உள்பாகங்களைப் புதிய பெட்டிக்கு மாற்றினார். அவருக்கு இன்னும் இரண்டு வீடுகள் பாக்கி. “ஃபேனுக்கு நாலு நாலு ஸ்க்ரூதான் சார். நீங்களே மாட்டிடுங்க,” என்று கிளம்பிவிட்டார். நான் மாட்டினேன். ஒவ்வொரு விசிறியின் ஒரு பக்கத்திலும் நடுவில் வட்டமான காகிதம் ஒட்டி, அதில் விவரங்கள் அச்சாகியிருந்தன. பெட்டியைத் திறந்து பார்க்கிறவர் படிக்கும்படி, அச்சடித்த பக்கம் இரண்டும் உள்நோக்கி இருக்குமாறு வைத்தேன். பின்பக்க விசிறியில் எழுத்து சற்றுச் சாய்ந்திருந்தது. கழற்றி, நேராக்கி மாட்டினேன். நேர்த்தியாக இருந்தது.

திங்கட்கிழமை கணினி பதினொன்று ஐம்பதுக்கு நின்றது. செவ்வாய் பன்னிரண்டு. புதன் பதினொன்று நாற்பது. மூன்று பாடங்களில் ஒன்றுதான் முடிந்திருந்தது. அடுத்த திங்கள் கெடு.

புதன் மாலை போய்ப் பார்த்தேன். கிளம்புகையில் அவர் மனைவி மாடிப்படிவரை வந்தார்.

“அண்ணா, எங்க அண்ணனுக்குப் போன் போடச் சொல்லிட்டாரு. மேல ரூம காலி பண்ணி வைக்கச் சொல்லுன்னு.”

“போட்டீங்களா?”

“லைன் கெடைக்கலன்னு சொல்லிட்டேன்.” கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். “நாளைக்கும் அதையே சொல்லுவேன். அதுக்கு மேல நம்ப மாட்டாரு.”

வெள்ளிக்கிழமை காலை அலுவலகம் புறப்படும் நேரத்தில் எனக்குத் தொலைபேசி வந்தது. அவர் என்னை அழைப்பது அதுவே முதல் முறை.

“ஸ்க்ரூடிரைவர எடுத்துட்டு வா,” என்றார். வைத்துவிட்டார்.

நடந்ததை அவர் மனைவி சொன்னார். வெள்ளிதோறும் மனைவி ஊதுபத்தி ஏற்றிச் சாமி படங்களுக்குக் காட்டிவிட்டு, அடுப்புக்கும் தையல் மிஷினுக்கும் காட்டுவார். கணினி வந்ததிலிருந்து அதற்கும். அன்று அதன் பின்புறம் காட்டும்போது, முன்னால் உட்கார்ந்திருந்த கணவர், வாடை பெட்டியின் பக்கவாட்டு இடுக்கிலிருந்து வருவதை உணர்ந்திருக்கிறார். “மறுபடி அங்கேயே புடி. புகை எந்தப் பக்கம் போகுது?” என்று கேட்டிருக்கிறார்.

“உள்ள இழுக்குதுங்கன்னு சொன்னேன் அண்ணா. அப்புறம் முன்னாடி புடிக்கச் சொன்னாரு. அங்கயும் உள்ளதான் இழுக்குது.”

எனக்காகக் காத்திருந்த மனைவி வேலைக்குக் கிளம்பிப் போனார். நண்பர் என் மணிக்கட்டைப் பிடித்துப் பெட்டியின் பின்னால் கொண்டுபோய் வைத்தார். மேலே, மின்சாரம் நுழையும் இடத்திலிருந்து வெந்த காற்று வந்துகொண்டிருந்தது. கையைச் சற்றுக் கீழே இறக்கினார். அங்கே என் விசிறி, அதே வெந்த காற்றை மீண்டும் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

“ஸ்டிக்கர எந்தப் பக்கம் வச்சே?”

“உள் பக்கம்.”

“ரெண்டுத்துக்குமா? ஏன்?”

“திறந்தா படிக்கிற மாதிரி இருக்கட்டுமேன்னு.”

அவர் தோள் சிரிப்பில் குலுங்கியது. “உள்ள யாருய்யா உக்காந்து படிக்கப் போறா?”

காற்று, காகிதம் ஒட்டிய பக்கமாகத்தான் வெளியேறும். பின் விசிறியின் காகிதம் வெளிநோக்கி இருந்திருக்க வேண்டும். இருபது ஆண்டுகளாக எழுத்தைப் படிப்பவர் பக்கம் திருப்பி வைப்பதே வேலையாக இருந்தவன் நான். விசிறியையும் அப்படியே வைத்திருக்கிறேன். நான்கு வேலை நாட்கள் அதில் போய்விட்டன. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

“வேணாம்,” என்றார். “ஆபீஸ்ல கடைசி ஏழு மாசம் என் பக்கத்த எல்லாம் நீ திரும்பப் படிச்சே.”

நான் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தேன்.

“பக்கம் என் மேஜையிலேர்ந்து நேரா வாசப் பக்கம், அச்சுக்குப் போகணும். காகித சத்தம் உன் மேஜையில போய் நிக்கும். பேனா மூடி தொறக்கிற சத்தம் கேக்கும். நீ எத்தன தடவை தொறந்தேன்னு எண்ணிட்டு இருப்பேன். ஒரு நாள் பதினாலு. அன்னிக்குத்தான் கடிதாசி எழுதினேன்.”

“சொல்லியிருக்கலாமே,” என்றேன்.

“நீயும்தான் சொல்லியிருக்கலாம். உன் தப்ப நான் உங்கிட்டயே சொல்லிட்டேன் பாரு. திருப்பி மாட்டு. நேரம் ஆவுது.”

திருப்பி மாட்டினேன். இந்த முறை அச்சு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று பார்க்கவில்லை. பொத்தானை அவரே அழுத்தினார். பின்புறம் கை வைத்தேன். வெதுவெதுப்பான காற்று உள்ளங்கையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது.

அன்று நான் அலுவலகத்துக்குப் போகவில்லை. பன்னிரண்டு மணியைத் தாண்டியது. ஒன்றைத் தாண்டியது. ஷீட்டின் கீழே எங்கள் இருவர் சட்டையும் முதுகில் ஒட்டிக்கொண்டது. அந்த ஆங்கிலக் குரல் களைப்பில்லாமல் இலைத்துளைகளைப் பற்றி வாசித்தது. ஐயம் வரும் இடத்தில் அவர் நிறுத்தி, சொல்லை எழுத்தெழுத்தாகச் சொல்லவைத்துக் கேட்டார். திருத்தினார். சேமித்தார். மூன்றரைக்கு அவர் எழுந்து தண்ணீர் குடிக்கும்வரை அது நிற்கவில்லை. அவர் திருத்தியதை நான் திரும்பப் படிக்கவில்லை. அதற்கு எனக்குக் கொஞ்சம் முயற்சி தேவைப்பட்டது.

திங்கட்கிழமை ஃபிளாப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து நிறுவனத்திலிருந்து நான்காவது பாடம் வந்தது. அதனுடன் கடிதம் எதுவும் இல்லை.

கடுங்கோடையில் பிற்பகலில் ஓரிரு முறை அந்தக் கணினி பிறகும் நின்றது. அப்போதெல்லாம் அவர் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, அது ஆறும்வரை காத்திருந்து மறுபடி தொடங்கினார்.

அந்தத் தை மாதம் அவர்கள் ஆம்பூருக்கு, மச்சான் வீட்டுக்குப் பொங்கலுக்குப் போனார்கள். நான்கு நாள். திரும்பி வருவதற்கும் சேர்த்தே முன்பதிவு செய்திருந்தார்கள்.